சுடரில்லாச் சூடு

மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் தலையாயது தீ. மண்ணைச் சுட்டுக் கலமாக்கியதும், இரும்பைப் பழுக்கவைத்துக் கொழுவும் அரிவாளும் ஆக்கியதும் தீயே. ஆயினும், ஏவிய பணியை மட்டும் செய்து அடங்கும் ஏவலாள் அன்று தீ. சுடவேண்டியதைச் சுடும்போதே சுடவேண்டாததையும் அது சுடும். அருகில் உள்ளதைக் கருக்கும். சிறிது அயர்ந்தால் ஏவியவனையே தீண்டும். வேண்டிய பொருளில் மட்டும் வெப்பத்தைத் தோற்றுவித்து, அயலில் உள்ளவற்றைத் தீண்டாதிருக்கச் செய்தல் இயலுமா? இயலும் என்று காட்டுகிறது, இக்காலத் தொழிற்பட்டறைகளில் வழங்கும் சிறு கருவி ஒன்று. கையில் ஏந்தத்தக்க அக்கருவியைத் தூண்டல் வெப்பமூட்டி என்பர். பட்டறையார் அதனை இண்டக்‌ஷன் ஹீட்டர் என்று அழைப்பர். அதன் இயல்பினை இப்பாடத்தில் அறிவோம்.

இரும்பை எதற்காகச் சூடாக்க வேண்டும்? அதனை வளைப்பதற்கும் அடித்து உருவாக்குவதற்கும் மட்டுமன்று. பொருத்துவதற்கும் கழற்றுவதற்கும் சூடு வேண்டும். இவ்வுண்மையை நான் சிறுவனாக இருந்தபோதே எங்கள் ஊர்க் கொல்லருடைய உலைக்களத்தில் கண்டேன். மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டும் நாள் எங்களுக்குத் திருநாள் போன்றது. பட்டையின் உள்வட்டம், மரச்சக்கரத்தின் வெளிவட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே அமைந்திருக்கும். அதனைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டிகளை அடுக்கித் தீ மூட்டுவர். பட்டை பழுத்ததும், நால்வர் நீண்ட குறடுகளால் அதனைத் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவர். முன்பு நுழையாத பட்டை இப்போது எளிதாக நுழையும். உடனே குடம் குடமாக நீரை ஊற்றுவர். பட்டை சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் இறுகப் பிணித்துக்கொள்ளும். சூட்டால் இரும்பு விரியும், குளிர்ச்சியால் சுருங்கும் என்னும் பாடத்தை ஏடு காட்டுவதற்கு முன்பே சக்கரம் எனக்குக் காட்டிற்று. ஆனால் ஒரு பட்டைக்காக எத்தனை வறட்டிகள் எரிந்தன! எத்தனை முகங்கள் அனலில் வாடின! பட்டை பட்ட இடமெல்லாம் மரமும் கருகியது.

இனி, இக்காலப் பட்டறைக்கு வருவோம். போல்ட் என்று வழங்கும் மரையாணியும், அதனைப் பற்றி இறுக்கும் நட்டும் இல்லாத பொறி இல்லை. வண்டியின் அடிப்பகுதியில் உள்ள நட்டுகள் ஆண்டுக்கணக்கில் மழையிலும் சேற்றிலும் கிடந்து துருவேறுகின்றன. இரும்பு துருவாக மாறும்போது, முன்னிருந்ததைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின், போல்ட்டிற்கும் நட்டிற்கும் இடையிலுள்ள மரைகளில் தோன்றிய துரு, இரண்டையும் நெருக்கிப் பிணித்துவிடுகிறது. ஸ்பானர் கொண்டு எத்துணை வலிந்து திருகினாலும் நட்டு அசையாது. போல்ட்டே முறிந்துபோதலும் உண்டு. அந்நிலையில் தொழிலாளர் நட்டைச் சூடாக்குவர். ஆக்சிஜனும் அசிட்டிலின் வாயுவும் கலந்து எரியும் சுடரை அதன்மேல் பாய்ச்சுவதே நெடுநாளைய வழக்கம். அச்சுடரின் வெப்பம் ஏறத்தாழ 3,100 டிகிரி செல்சியஸ். ஒரு சிறு நட்டின்மேல் பாய்ச்சும் அப்பெருந்தீ, நட்டோடு நிற்குமா?

நில்லாது என்பதற்கு ஒரு தழும்பு சான்றாக இருக்கிறது. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். அவருடைய இடக்கையில், முழங்கை முதல் மணிக்கட்டு வரையில் தோல் சுருங்கி மின்னும். இளமையில் வேறோரிடத்தில் தொழில் பழகிய காலத்தில், ஒரு நட்டைச் சுடரால் சூடாக்கினாராம். அருகிலிருந்த ரப்பர் குழாய் உருகி, உள்ளிருந்த எண்ணெய் சுடரின்மேல் சொட்டியது. “நட்டு கழன்றது, ஐயா, ஆனால் இக்கை மூன்று திங்கள் எதற்கும் உதவவில்லை” என்று அவர் ஒருநாள் என்னிடம் கூறினார்.

சென்ற ஆண்டு அவர் என்னைத் தம் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். ஒரு லாரியின் அடியில், துருவேறிய நட்டு ஒன்றைக் காட்டினார். அதற்கு நான்கு விரற்கடைத் தொலைவில் பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாய் ஓடிற்று. அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன் ஒரு கருவியைக் கொணர்ந்தான். கைப்பிடியோடு கூடிய சிறு பெட்டி அது. அதன் முனையில் விரல்மோதிரத்தைவிடச் சற்றுப் பெரிய கம்பிச்சுருள் ஒன்று நீண்டிருந்தது. அச்சுருளை நட்டைச் சூழுமாறு நிறுத்திப் பொத்தானை அழுத்தினான். சுடர் இல்லை, புகைக்கூண்டு இல்லை, துருத்தி இல்லை. நான் இருபது எண்ணுவதற்குள் நட்டு மங்கிய செந்நிறம் கொண்டது. அவன் பொத்தானை விட்டுச் சுருளை அகற்றி, ஸ்பானரை வைத்துத் திருகினான். ‘கிறீச்’ என்னும் ஒலியோடு நட்டு அசைந்தது. ரப்பர் குழாயோ முன்போலவே இருந்தது.

“தீயே இல்லாமல் சூடு எங்கிருந்து வருகிறது?” என்று அவ்விளைஞன் என் மாணவரை வினவினான். “கருவியைக் கையாளத் தெரியும், தம்பி, காரணம் சொல்லத் தெரியாது. ஐயாவைக் கேள்” என்றார் அவர். இருவரும் என்னை நோக்கினர். இலக்கணம் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். அன்று நானும் வாளா நின்றேன். அறியாததை அறியாததென ஒப்புக்கொண்டு, அறிந்து வந்து சொல்வதாகக் கூறி மீண்டேன். நூல்களைப் புரட்டிய நான், அவ்வினாவிற்குரிய விடையின் தொடக்கத்தில் ஒரு கொல்லர் மகனைக் கண்டு வியந்தேன்.

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை அடுத்த ஓரிடத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் கொல்லுத் தொழில் செய்து குடும்பத்தைப் பேணியவர். வறுமை காரணமாகப் பாரடே மிகுதியாகப் பள்ளியில் பயிலவில்லை. பதினான்காம் வயதில், புத்தகங்களுக்குக் கட்டடம் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களைப் படிக்கவும் செய்தார். 1812-ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டிலேயே இலண்டன் இராயல் நிலையத்தில் டேவியின் உதவியாளராக அமரும் பேறு பெற்றார்.

மின்னோட்டத்தால் காந்தத்தன்மை உண்டாகும் என்பது அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அங்ஙனமாயின், காந்தத்தால் மின்னோட்டம் உண்டாகாதா என்பது பாரடேயின் வினா. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பக்கத்தில் செப்புக்கம்பியைச் சுற்றினார். மறுபக்கத்தில் வேறொரு செப்புக்கம்பியைச் சுற்றினார். இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு துணியும் நூலும் கொண்டு காப்பிட்டார். முதற் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாவதன் கம்பியை ஒரு காந்த ஊசிக்கு மேலாகச் செல்லுமாறு வைத்தார். மின்கலத்தை இணைத்த நொடியில் ஊசி துடித்து, மீண்டும் ஓய்ந்தது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில் ஊசி அசையவில்லை. இணைப்பை நீக்கிய நொடியில் மீண்டும் துடித்தது. நிலையாக நிற்கும் காந்தம் மின்னைப் பிறப்பிப்பதில்லை. மாறுகின்ற காந்தமே பிறப்பிக்கிறது என்பதை அச்சிறு துடிப்பு அவருக்கு உணர்த்திற்று. இதுவே மின்தூண்டல் எனப்படும்.

இக்கண்டுபிடிப்பைப் பட்டறையில் நாம் கண்ட கருவியோடு பொருத்திப் பார்ப்போம். கருவியின் முனையிலுள்ள கம்பிச்சுருளே முதற் சுருள். இரண்டாவது சுருள் எங்கே? நட்டே இரண்டாவது சுருள்! வளையம்போல் மூடிய உருவுடையதாதலின், அதுவே தனக்குத்தான் ஒரு மின்வழி ஆகிறது. சுருளிலே மின்னோட்டம் மாறுந்தோறும் அதனைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறுகிறது. புலம் மாறுந்தோறும் நட்டினுள்ளே மின்னோட்டம் பிறக்கிறது. ஆற்றுவெள்ளத்தில் தோன்றும் சுழிகளைப்போல அம்மின்னோட்டம் உலோகத்தினுள் சுழல்வதால், அதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். 1855-ஆம் ஆண்டில் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரு செப்புத் தட்டை வலிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே சுழற்றினார். தீயின்றியே தட்டுச் சூடாவதைக் கண்டார். மின்னோட்டம் தடையைக் கடந்து செல்லும்போது வெப்பம் பிறக்கும் அளவினை ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1841-ஆம் ஆண்டிலேயே வரையறுத்திருந்தார். மின்னோட்டம் இருமடங்கானால், பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி.

இப்போது அவ்விளைஞனின் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. சுருளிலிருந்து சூடு நட்டுக்குச் செல்லவில்லை. சூடு நட்டினுள்ளேயே பிறக்கிறது. அடுப்புத் தீயில் வெப்பம் வெளியிலிருந்து பொருளுக்குள் புகுகிறது. இங்கோ, பொருளே அடுப்பாகவும் அதுவே சுடப்படுவதாகவும் அமைகிறது. இன்று பல வீடுகளில் உள்ள தூண்டல் அடுப்பு இயங்குவதும் இம்முறையிலேயே ஆகும். அதன் கண்ணாடித் தளம் தானாகச் சூடாவதில்லை. இரும்புப் பாத்திரத்தின் அடிப்பகுதியே சூடாகி, அச்சூட்டைத் தளத்திற்கும் அளிக்கிறது.

நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று வீதம் திசைமாறுவது. இப்பணிக்கு அவ்விரைவு போதாது. ஆதலின், கருவியின் பெட்டிக்குள் உள்ள மின்னணு உறுப்புகள் அம்மின்னோட்டத்தை முதலில் ஒருதிசை மின்னோட்டமாக்கி, பின்னர் நொடிக்குப் பல்லாயிரம் சுற்று வீதம் திசைமாறும் மின்னோட்டமாக மாற்றிச் சுருளுக்கு அனுப்புகின்றன. மாற்றம் எவ்வளவு விரைவோ, அவ்வளவு மிகுதியான தூண்டலும் உண்டாகும். கையில் ஏந்தும் கருவிகள் பெரும்பாலும் 1,000 வாட் முதல் 2,000 வாட் வரை ஆற்றல் கொள்வன. ஒரு மின்சாரச் சலவைப்பெட்டி கொள்ளும் ஆற்றலே இது. சிறு நட்டுக்குச் சிறு சுருளும், பெரிய நட்டுக்குப் பெரிய சுருளும், தட்டையான தகட்டுக்குத் தட்டைச் சுருளும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். கயிறுபோல் வளைந்து பொருளைச் சுற்றிக்கொள்ளும் நெகிழ்சுருளும் உண்டு. சூடு தாங்கும் இழையால் நெய்த உறை சுருளின்மேல் போர்த்தப்பட்டிருக்கும்.

விரைந்து மாறும் மின்னோட்டத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது பொருளின் உட்புறம் ஆழ்ந்து செல்லாது, தோல்போன்ற மேற்பரப்பிலேயே பாயும். ஆகவே நட்டின் வெளிப்புறம் முதலில் சூடாகிறது. உள்ளேயுள்ள போல்ட் சிறிது பொழுது கழித்தே சூடேறுகிறது. இக்கால இடைவெளியே தொழிலாளருக்கு உற்ற துணை. நட்டு விரிந்திருக்க, போல்ட் இன்னும் விரியாதிருக்கும் வேளையே திருகுவதற்கு உரிய வேளை. ஓர் ஐயம் எழலாம்: வளையம் விரியும்போது நடுவிலுள்ள துளை சிறுக்காதா? சிறுக்காது; துளையும் வளையத்தோடு சேர்ந்து விரியும். வண்டிப் பட்டை இதனை மெய்ப்பித்ததன்றோ? எஃகு, ஒரு டிகிரி வெப்பம் ஏறுவதற்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு அளவே விரியும். 20 மில்லிமீட்டர் துளையுடைய நட்டு 400 டிகிரி சூடேறினால், துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலும். அஃது எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு. எனினும், துருவின் பிணிப்பை உடைக்க அவ்விடைவெளியே போதும்.

எல்லா உலோகங்களும் இக்கருவிக்கு ஒரே வகையாக இணங்குவதில்லை. இரும்பும் எஃகும் விரைவில் சூடாகும். அவற்றில் சுழல் மின்னோட்டத்தோடு, காந்தத்தன்மை திசைமாறித் திசைமாறி அலைவதாலும் வெப்பம் பிறக்கிறது. ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு தன் காந்த ஈர்ப்பை இழந்துவிடும். அதன் பின்னர்ச் சூடேறும் விரைவு குறையும். செம்பும் அலுமினியமும் மின்னோட்டத்திற்கு மிகக் குறைந்த தடை தருவன, காந்தத்தன்மையும் இல்லாதன, ஆதலின் அவை எளிதில் சூடாவதில்லை. மரம், ரப்பர், கண்ணாடி ஆகியவற்றில் சுழல் மின்னோட்டம் தோன்றுவதே இல்லை. நட்டின் அருகிலிருந்த ரப்பர் குழாய் தப்பிய காரணம் இதுவே. ஆயினும், சூடான நட்டையே ரப்பர் தொட்டுக்கொண்டிருந்தால் அது கருகத்தான் செய்யும். கருவி தீண்டாவிடினும் நட்டுத் தீண்டுமன்றோ?

இக்கருவி சுடரின் எல்லாப் பணிகளையும் ஏற்றுக்கொள்ளும் என்று கருதுதல் பிழையாகும். இஃது இரும்பை அறுக்காது. பெரிய வார்ப்பு முழுவதையும் சூடாக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. சுருள் நுழைய இடமில்லாத மூலைகளில் இது பயன்படாது. மின்சாரம் இல்லாத இடத்தில் இது வெறும் பெட்டியே. எக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிந்தவனே தேர்ந்த தொழிலாளி.

சுடர் இல்லையென்பதால் அச்சமும் வேண்டியதில்லை என்று எண்ணற்க. உண்மையில், கண்ணுக்குத் தெரியும் தீயைக் காட்டிலும் தெரியாத சூட்டிற்கே மிகுதியும் அஞ்ச வேண்டும். எஃகு ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல்தான் சிவக்கத் தொடங்கும். சிவப்பு மங்கிக் கறுத்த நட்டு 400 டிகிரி சூட்டில் இருக்கக்கூடும். அதனைக் குளிர்ந்ததென்று கருதித் தொட்டவன் கை என்னாகும்? மோதிரம், வளை, கைக்கடிகாரம் ஆகியவற்றை அணிந்த கையைச் சுருளின் அருகே கொண்டுசெல்லலாகாது. நட்டைச் சுடும் காந்தப்புலம் மோதிரத்தையும் சுடும். இதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கர் கருவியை உடலில் பொருத்திக்கொண்டவர் அவ்விடத்தை விட்டு அகன்றிருத்தல் வேண்டும். எரிபொருள் தொட்டியின் அருகிலும், மோதலின்போது விரிந்து காக்கும் காற்றுப்பைகளின் அருகிலும், வாயு அடைத்து மூடிய ஷாக் அப்சார்பர்களின்மீதும் இதனைப் பயன்படுத்தலாகாது. துருநீக்கும் எண்ணெய் பூசியிருப்பின் முன்னரே துடைத்துவிடல் வேண்டும். சூட்டில் அது பற்றிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள ஆணிகளைச் சுட்டால் தீங்கு தரும் புகை எழும்; ஆதலின், காற்றோட்டமுள்ள இடத்திலேயே பணிசெய்க. சுருளைப் பொருளோடு உராயாமல் சிறிது இடைவெளி விட்டுப் பிடித்தால் அதன் உறை நெடுநாள் உழைக்கும். எத்துணைப் பொழுது இயக்கலாம், எத்துணைப் பொழுது ஓய்வு தரவேண்டும் என்று கருவியோடு வரும் குறிப்பேடு கூறும். அதனைப் படியாமல் பொத்தானை அழுத்தலாகாது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. செந்நிறம் கொள்ளுமாறு சூடாக்கிக் கழற்றிய போல்ட்டையும் நட்டையும் மீண்டும் பூட்டலாகாது. பதப்படுத்திய எஃகு, மிகுந்த சூட்டினால் தன் வன்மையை இழந்துவிடும். பார்வைக்கு அது பழைய போல்ட்டே. பாரம் ஏறும்போது முறியும். சில ரூபாய் பெறும் புதிய போல்ட்டைச் சேமிப்பதற்காகச் சாலையில் செல்லும் உயிர்களைப் பணயம் வைத்தல் தகுமா?

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, நான் மீண்டும் அப்பட்டறைக்குச் சென்றேன். இளைஞனை அருகில் அமர்த்தி, இரும்பு வளையத்தின் கதையைக் கூறினேன். அவன் ஒரு நட்டைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தான். “அப்படியானால், ஐயா, இதுவும் பாரடேயின் வளையந்தான்!” என்றான். நூல்களில் நான் பல பக்கங்களில் படித்ததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். என் மாணவர் தம் தழும்புடைய கையால் அவன் தோளைத் தட்டினார். “எனக்கு இந்தக் கருவி முன்பே கிடைக்கவில்லை. இவனுக்குக் கிடைத்திருக்கிறது, காரணமும் தெரிந்துவிட்டது” என்றார்.

மாணவர்களே! 1831-ஆம் ஆண்டில் ஒரு காந்த ஊசி சிறிது துடித்தது. அதனால் என்ன பயன் என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். அத்துடிப்பின் பொருளை ஆராய்ந்தவர் ஒரு கொல்லர் மகன். உலையின் அனலிலே வெந்த கைகளால் வளர்க்கப்பட்ட அவருடைய அறிவு, இன்று உலகெங்கும் பட்டறைகளில் உழைப்போர் கைகள் வேகாமல் காக்கிறது. கருவியைக் கையாளக் கற்பது தொழில்; அதன் காரணத்தை வினவி அறிவது கல்வி. கைக்கும் அறிவுக்கும் இடையே பிரிவில்லாதபோது இரண்டும் சிறக்கும். நீங்களும் உங்கள் கையில் எக்கருவி வந்தாலும், அந்த இளைஞன் கேட்டதுபோல, “இஃது எவ்வாறு இயங்குகிறது?” என்று கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியரும் அதனைத் தேடிக் கற்றுக்கொள்வார், நான் கற்றுக்கொண்டேன்.